பதின்மூன்றாவது ரவுண்டு உண்டா, இல்லையா? காலம் தாண்டிய ஹெவிவெயிட் மோதல்கள்

கயிற்றோரம்:

அலி எதிர் டைசன், மார்சியானோ எதிர் உசிக், ஜோ லூயிஸ் எதிர் ஃபியூரி. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டைச் சாம்பியன்கள் மோதினால் யார் ஜெயிப்பார் என்ற இந்த மூன்று கேள்வியும் ஓய்வதே இல்லை. எல்லோரும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சண்டைக்கு நிற்கிறார்கள். எந்த நாளின் அலி என்று ஒருவரும் சொல்வதில்லை. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியா, 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனை அடிக்கவிட்டுக் களைக்க வைத்த அலியா? முன்னவருக்குக் கால் இருந்தது. பின்னவருக்கு நெஞ்சழுத்தம் இருந்தது. இரண்டு பேரையும் ஒரே ஆளாக வைத்துப் பேசினால் விடை வராது.

அதனால் இங்கே ஒரே ஒரு நிபந்தனை. பெயரோடு தேதியும் சொல்லுங்கள், விதியும் சொல்லுங்கள். இன்றைய 12 ரவுண்டா, பழைய 15 ரவுண்டா? நடுவர் கிளிஞ்சை (கட்டிப்பிடிப்பதை) உடனே பிரிக்கிறாரா, விட்டுவிடுகிறாரா?

என் கணக்கு: 1966 அலி, 1988 டைசனைப் புள்ளியில் ஜெயிப்பார். 2024 உசிக், மார்சியானோவைப் புள்ளியில் ஜெயிப்பார். ஃபியூரி, லூயிஸைப் புள்ளியில் ஜெயிப்பார். மூன்றுமே 12 ரவுண்டு. சரி, வரிசையாக வந்து திட்டுங்கள்.

பழைய ரீல்:

திட்ட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றிலும் பழைய ஆளுக்கும் 12 ரவுண்டு என்று எழுதிவிட்டீர்கள். அதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிட்டதே?

1952 செப்டம்பர், பிலடெல்பியா. மார்சியானோ முதல் ரவுண்டிலேயே வால்காட்டிடம் கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டையிலும் பின்னால் இருந்தார். 13ஆவது ரவுண்டில் ஒரே ஒரு வலது. அத்தோடு முடிந்தது. 1941 ஜூனில் லூயிஸ் எதிர் பில்லி கான். 12 ரவுண்டு முடிந்தபோது இரண்டு அட்டையில் கான் முன்னால், மூன்றாவது அட்டை சமம். 13ஆவது ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கும்போது கான் எண்ணி முடிக்கப்பட்டார்.

உங்கள் விதிப்படி வால்காட் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், கான் உலக சாம்பியன். மார்சியானோவின் 49-0 என்ற எண்ணே இருந்திருக்காது. 15 ரவுண்டுக்காக உடம்பைத் தயார் செய்தவரை 12இல் நிறுத்திவிட்டு, தோற்றுவிட்டார் என்று சொன்னால் என்ன நியாயம்?

எடைமேடை:

நியாயம் எல்லாம் இருக்கட்டும், எடையைப் பாருங்கள். மார்சியானோ 184, 185 பவுண்டில் சண்டை போட்டவர், உயரம் 5 அடி 10½. இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட் பிரிவின் எல்லையே 200 பவுண்டு. அதாவது அவர் ஹெவிவெயிட்டே இல்லை, க்ரூசர்வெயிட்டிலும் சின்ன ஆள். உசிக்கோடு முதல் சண்டையில் ஃபியூரி 262 பவுண்டு, இரண்டாவதில் 281. ரவுண்டு பத்தானால் என்ன, இருபதானால் என்ன? 13ஆவது ரவுண்டு வரை நிற்க வேண்டுமே.

மற்ற எந்த விளையாட்டிலும் அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய ஆளை இன்றைய ஆளோடு சமமாக வைப்பதில்லை. ஓட்டத்தில் நேரம் இருக்கிறது, நீச்சலில் நேரம் இருக்கிறது, பொய் சொல்ல முடியாது. குத்துச்சண்டையில் மட்டும் ஆளுக்கு ஒரு கதை.

பழைய ரீல்:

கதைதான். ஆனால் எடையைப் பற்றிய கதை ரொம்பப் பழையது. 1919இல் டெம்ப்சி 187 பவுண்டு வாக்கில், வில்லார்ட் 245. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு தடவை விழுந்தார். 1935இல் கார்னெரா 260 பவுண்டு, லூயிஸ் 196. ஆறாவது ரவுண்டில் முடிந்தது. 1942இல் பட்டி பேர் 250 பவுண்டு, லூயிஸிடம் முதல் ரவுண்டு தாண்டவில்லை.

உங்கள் காலத்துக்கே வருகிறேன். 281 பவுண்டு ஃபியூரியை ஜெயித்த உசிக்கின் எடை 226. ஃபியூரி ஆரம்பத்தில் யாரிடம் விழுந்தார்? 2013இல் க்ரூசர்வெயிட்டிலிருந்து வந்த கன்னிங்ஹாமிடம். கன்னிங்ஹாம் 210 பவுண்டு. எழுந்து ஏழாவது ரவுண்டில் ஃபியூரி ஜெயித்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எடைமேடை:

கார்னெராவையும் ஃபியூரியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா! கார்னெரா பெரிய ஆள், அவ்வளவுதான். ஃபியூரி பெரிய ஆளாகவும் இருக்கிறார், குத்துச்சண்டையும் தெரிகிறது. அந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தது லெனாக்ஸ் லூயிஸ், கிளிட்ச்கோ சகோதரர்கள் காலத்திலிருந்துதான். பழைய சாம்பியன்கள் அடித்த ராட்சதர்களில் ஒருவருக்காவது உருப்படியான ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து) இருந்ததா?

பழைய ரீல்:

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். பட்டி பேர் 1941இல் லூயிஸை முதல் ரவுண்டிலேயே கயிற்றுக்கு வெளியே தள்ளினார், அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இடக்கை:

எடையைப் பற்றி இரண்டு பேரும் குத்து பலத்தையே பேசுகிறீர்கள். எடை வேலை செய்யும் இடம் வேறு. நான் பெரிய ஆள் இல்லை, பட்டம் எதுவும் இல்லை, சும்மா சில வருடம் பயிற்சி செய்தவன். 82 கிலோ. ஒரு நாள் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) 110 கிலோ ஆள் ஒருவரோடு நிற்க வைத்தார்கள். முதல் ரவுண்டு எனக்கு ஜாலிதான். ஜாப் போட்டேன், பட்டது. பக்கவாட்டில் நகர்ந்தேன், அவர் காற்றைக் குத்தினார்.

இரண்டாவது ரவுண்டில் உள்ளே போனபோது கட்டிப்பிடித்தார். பிடித்தவர் முன்கையை என் பிடரியில் வைத்து, கால் இரண்டையும் தளரவிட்டு அப்படியே தொங்கினார். ஐந்து நொடி இருக்கும். பிரித்துவிட்டார்கள். மறுபடி உள்ளே போனேன், மறுபடி அதே. மூன்றாவது ரவுண்டில் என் தொடை நடுங்கியது. அந்த மனிதர் என்னை உருப்படியாக ஒரு குத்துகூடக் குத்தவில்லை. நான் களைத்தது அவரைச் சுமந்ததால்.

2020இல் ஃபியூரி வைல்டரோடு இரண்டாவது சண்டையில் 273 பவுண்டில் வந்து செய்ததில் பாதி இதுதான். உசிக்கிடம் அது பலிக்கவில்லை, ஏனென்றால் உசிக் சாய்வதற்கு இடம் கொடுக்கும் தூரத்தில் நிற்பதில்லை. ஒன்று வெளியே இருப்பார், இல்லை ஃபியூரியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் தன் காலை வைத்திருப்பார். மார்சியானோ அப்படி இல்லை. அவர் நேராக நெஞ்சோடு நெஞ்சு வந்து நிற்பவர். ஃபியூரி மாதிரி ஆளோடு 15 ரவுண்டு வைத்தால் சுமக்க வேண்டியது மார்சியானோதான். ஆகவே 15 ரவுண்டு எப்போதும் பழையவருக்குச் சாதகம் என்று சொல்லிவிட முடியாது.

சும்மா வந்தவன்:

இடையில் ஒரு சந்தேகம். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் விடை வராதா? இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறதே.

பழைய ரீல்:

அதையும் செய்தாயிற்று தம்பி. 1967இல் மர்ரி வோரோனர் என்ற தயாரிப்பாளர் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வானொலியில் ஒரு போட்டித் தொடரே நடத்தினார். வந்த முடிவுகளை வர்ணனையாளர் நேரடிச் சண்டை போலவே சொல்வார். அதில் அலியை ஜெஃப்ரிஸ் தோற்கடித்தார்! அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசமாகி, மார்சியானோவோடு கேமரா முன்னால் ஒரு கற்பனைச் சண்டையில் நடிக்க ஒப்புக்கொண்டார்.

1969இல் எடுத்தார்கள். மார்சியானோ ஓய்வு பெற்று பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. சுமார் 50 பவுண்டு இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் எடுத்து, பல முடிவுகளையும் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள். எது வெளிவரும் என்று நடித்தவர்களுக்கே தெரியாது. அந்த ஆகஸ்டு கடைசியில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். படம் 1970 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவில் காட்டியதில் மார்சியானோ நாக்அவுட்டில் ஜெயித்தார்.

எந்த ரவுண்டில் என்று நினைக்கிறீர்கள்? 13ஆவது.

கயிற்றோரம்:

அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினீர்களா ஐயா.

அந்தக் கம்ப்யூட்டர் செய்த வேலையைத்தான் நாமும் செய்கிறோம் என்பது வேறு விஷயம். உள்ளே போடுபவன் எதைப் போடுகிறானோ அதுதான் வெளியே வரும்.

91 நொடி:

என் தலைவர் டைசனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸை முடிக்க 91 நொடி. அதுவரை ஒரு சண்டைகூடத் தோற்காத ஆள் ஸ்பிங்க்ஸ். அந்த ராத்திரியின் டைசனை எந்தக் காலத்து யாரும் தாங்க மாட்டார்கள், அலி உட்பட.

அலியின் பழக்கம் என்ன? வலது கை கீழே, தலையை நேராகப் பின்னால் இழுப்பார். அப்படி இழுத்தபோதெல்லாம் வாங்கியது இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து). 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஃப்ரேசியர், 15ஆவது ரவுண்டு. இரண்டும் இடது ஹுக். இனி டைசனின் கையில் எது பெரியது என்று நான் சொல்ல வேண்டுமா? அதுவும் கூப்பருக்கோ ஃப்ரேசியருக்கோ டைசனின் வலது கை கிடையாது. அப்புறம், ஹூஸ்டன் அலி என்று உருகுகிறீர்களே, எதிரில் நின்ற வில்லியம்ஸ் 1964இல் போலீஸ்காரர் சுட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அந்தச் சண்டையை அளவுகோலாக வைத்தால் எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள்.

கயிற்றோரம்:

வில்லியம்ஸ் விஷயம் உண்மைதான் தம்பி. அதனால் அந்தச் சண்டையை அலி என்ன வாங்கினார் என்று பார்க்க நான் எடுக்கவில்லை, எப்படி நகர்ந்தார் என்று பார்க்கத்தான் எடுத்தேன். 212 பவுண்டு ஆள் பின்னால் போய்க்கொண்டே குத்துகிறார், கால் நிலைகுலையாமல். அந்த எடையில் அதை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு விடை டோக்கியோவில் இருக்கிறது. 1990 பிப்ரவரி 11. அங்கே டைசனைத் தோற்கடித்த டக்ளஸ் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீளமான ஜாப், அதற்குப் பின்னாலேயே வலது, டைசன் உள்ளே வந்தவுடன் பிடித்துக்கொள்வது, பிரிந்தவுடன் மறுபடி ஜாப். எட்டாவது ரவுண்டில் விழுந்தார், எழுந்தார், பத்தாவதில் முடித்தார். இதில் எதை அலியால் செய்ய முடியாது? பிடிப்பதில் அலி பெரிய கில்லாடி. 1974 ஜனவரியில் ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையைப் பாருங்கள், சண்டை முழுக்க இடது கையால் ஃப்ரேசியரின் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். நடுவர் விட்டுவிட்டார். அந்த நடுவர் கிடைத்தால் டைசனுக்கு நாலு ரவுண்டுக்கு மேல் நேரமில்லை. அதற்குள் முடித்தால் உண்டு.

91 நொடி:

டோக்கியோ டைசன் 1988 டைசன் இல்லையே! பயிற்சியாளர் ரூனியை விலக்கியாயிற்று, தலை அசைவு போயிற்று, மூலையில் கண் வீக்கத்தை அழுத்த வைக்கும் குளிர்ந்த இரும்புகூட இல்லாமல் ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். நீங்களே சொன்னது, தேதியைச் சொல்லுங்கள் என்று. என் தேதி 1988.

கயிற்றோரம்:

சரி, அது உங்களுக்குப் போகிறது. ஆனால் ஒன்று. அந்த டோக்கியோ சண்டையின் கடைசிப் பத்து நொடியைத் திரும்பப் பாருங்கள். டைசன் முட்டிபோட்டுத் தரையைத் தடவுகிறார். விழுந்த பல்கவசத்தைத் தேடுகிறார். கிடைத்ததைக் கோணலாக வாயில் செருகிக்கொண்டு, ஒரு முனை வெளியே தொங்க எழுந்திருக்கப் பார்க்கிறார். டைசனுக்கு எழுந்து சண்டை போட மனம் இல்லை என்று பேசுபவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன். அந்த நிலைமையிலும் முதலில் தேடியது பல்கவசத்தை.

91 நொடி:

நன்றி அண்ணே. இருந்தாலும் அலி நாலாவது ரவுண்டில் காலி.

எடைமேடை:

ஃபோர்மன் எதிர் லெனாக்ஸ் யாராவது சொல்லுங்கள். 1973 ஜனவரியில் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தள்ளிய ஃபோர்மன்.

இடக்கை:

முதல் மூன்று ரவுண்டுக்குள் ஃபோர்மன், அதற்குப் பிறகு லெனாக்ஸ். லெனாக்ஸ் தோற்ற இரண்டு சண்டையும், 1994இல் மெக்கால், 2001இல் ரஹ்மான், ஒரே ஒரு வலது கைக் குத்தில் போனவை. இரண்டு பேரையும் திரும்ப ஜெயித்தார் என்றாலும் ஃபோர்மனிடம் திரும்ப வருவதற்கு அடுத்த தேதி வேண்டும். இதில் ரவுண்டு எண்ணிக்கை பற்றிய பேச்சே வராது.

சும்மா வந்தவன்:

டெம்ப்சி எதிர் மைக் டைசன்?

பழைய ரீல்:

எந்த விதி? வில்லார்டை அடித்தபோது விழுந்தவர் பக்கத்திலேயே டெம்ப்சி நிற்கலாம், எழ எழ அடிக்கலாம். அந்த ஏழு தடவையில் பாதி அப்படித்தான். 1927இல் டன்னியைக் கீழே தள்ளியபோது விதி மாறியிருந்தது, நடுநிலை மூலைக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் டெம்ப்சி அங்கேயே நின்றார், எண்ணுவது தாமதமானது, டன்னிக்குச் சுமார் 14 நொடி கிடைத்தது, எழுந்து ஜெயித்தார். 1919 விதியில் டெம்ப்சி. இன்றைய விதியில் டைசன், சீக்கிரமாகவே.

இடக்கை:

லூயிஸ் எதிர் ஃபியூரிக்குத் திரும்ப வருகிறேன். மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான், நேற்று ராத்திரி கான் சண்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

லூயிஸ் நடப்பதே இல்லை, இழைகிறார். முன்கால் அரையடி, பின்கால் அரையடி. எப்போதும் குத்தத் தயாரான இடைவெளி காலுக்கு நடுவில் இருக்கும். குத்து தோளிலிருந்து கிளம்பி அதிகபட்சம் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் போகும். வீசிக் குத்துவதே அபூர்வம். இந்தப் பாணிக்கு எதிரி நேர்கோட்டில் பின்னால் போனால் தொலைந்தார். பக்கவாட்டில் போனால் லூயிஸ் ஒவ்வொரு தடவையும் திரும்பிக் காலை மறுபடி நட வேண்டும். கான் 12 ரவுண்டு அதைத்தான் செய்தார். 1947இல் வால்காட் அதையே செய்து லூயிஸை இரண்டு தடவை கீழே தள்ளினார். புள்ளியில் லூயிஸுக்குக் கொடுத்தார்கள், கூட்டம் கத்தியது.

ஃபியூரி 6 அடி 9, கைநீளம் 85 அங்குலம். லூயிஸுக்கு 76. ஒன்பது அங்குலம் வித்தியாசம். அதுவும் ஃபியூரி ஒரு இடத்தில் நின்று ஜாப் போடுபவர் அல்ல, இடுப்பை வளைத்து ஏமாற்றிக்கொண்டே நகர்வார். 1936இல் ஷ்மெலிங் கண்டுபிடித்த ஓட்டையும் இருக்கிறது, ஜாப் போட்டுவிட்டு லூயிஸ் இடது கையைத் தாழ்த்துவார், அதன் மேலேயே வலது வரும். அதைப் பிறகு திருத்திக்கொண்டார் என்பதற்கு 1938இல் அதே ஷ்மெலிங்கை முடித்த 124 நொடி சாட்சி. ஆகவே முதல் எட்டு ரவுண்டு ஃபியூரிக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்பதாவது ரவுண்டிலிருந்துதான் சந்தேகம். 2024 மே மாதம், ரியாத். உசிக்கின் இடது கை பட்டு ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார், மூலையில் போய் மோதினார், நடுவர் எண்ணினார். அந்த எண்ணிக்கையால் உசிக்குக்கு ஒரு புள்ளி கூடக் கிடைத்தது. அது இல்லையென்றால் அவருக்கு 114-113 என்று போட்ட அட்டை 114-114 ஆகி, சண்டையே சமனில் முடிந்திருக்கும். அந்த இடத்தில் உசிக்குக்குப் பதில் லூயிஸை நிறுத்திப் பாருங்கள். உசிக் அடிபட்டவரை மொய்ப்பார், பல கோணத்திலிருந்து நிறையக் குத்துவார். லூயிஸ் அடிபட்டவரிடம் நிதானமாகப் போய் ஒவ்வொன்றையும் தாடையில் வைப்பார். ஃபியூரிக்கு அந்தப் பத்து நொடி கிடைத்திருக்காது.

எடைமேடை:

2018இல் வைல்டர் 12ஆவது ரவுண்டில் அடித்ததையே எழுந்தவர் ஃபியூரி. செத்துவிட்டார் என்று நினைத்தோம், எழுந்து அதே ரவுண்டில் வைல்டரைத் துரத்தினார். 2021இல் நாலாவது ரவுண்டில் இரண்டு தடவை விழுந்து, 11ஆவது ரவுண்டில் முடித்தார். கடைசி ரவுண்டுகளில் ஃபியூரி களைப்பவர் அல்ல. உங்கள் 13ஆவது ரவுண்டில் நின்றுகொண்டிருப்பவர் அவராகவும் இருக்கலாமே?

இடக்கை:

இருக்கலாம். ஆனால் வைல்டர் அடித்துவிட்டு ஜெயித்தாயிற்று என்று ஆடப் போய்விட்டார். லூயிஸ் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டே நடுநிலை மூலைக்குப் போய் நிற்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது. எழுந்தவுடன் திரும்ப அரையடி, அரையடி.

கயிற்றோரம்:

இவ்வளவு எழுதிவிட்டு ஓட்டு யாருக்கு என்று சொல்லாமல் போகிறீர்களே.

இடக்கை:

12 என்றால் ஃபியூரி, 116-112 மாதிரி. 15 என்றால் லூயிஸ், 14ஆவது. கிளிஞ்சை விட்டுவிடும் நடுவர் என்றால் 15இலும் ஃபியூரி, ஆனால் அதைப் பார்க்க நான் காசு கொடுக்க மாட்டேன்.

கயிற்றோரம்:

என் ஓட்டையும் அப்படியே திருத்திக்கொள்கிறேன். உசிக் எதிர் மார்சியானோவில் மட்டும் மாற்றம் இல்லை. பத்து அங்குலம் கைநீள வித்தியாசம், இடக்கைக்காரர், கால் நிற்பதே இல்லை. 15 ரவுண்டிலும் உசிக்தான்.

பழைய ரீல்:

மார்சியானோவுக்குத் தலை கிடைக்கவில்லை என்றால் கையில் அடிப்பார், தோளில் அடிப்பார், பெல்ட்டுக்கு ஒரு அங்குலம் மேலே அடிப்பார். 1953இல் லாஸ்டார்ஸா அழகாகத்தான் கைகளை உயர்த்திக் கார்டு வைத்திருந்தார், அந்தக் கார்டையே அடித்து அடித்துக் கீழே இறக்கி 11ஆவது ரவுண்டில் முடித்தார். உசிக்கின் உடம்பைக் குறிவைத்தால் என்ன ஆகும் என்று இன்னும் யாரும் 15 ரவுண்டு வைத்துப் பார்க்கவில்லை.

91 நொடி:

நீங்கள் சொன்னதற்காக 1952 சண்டையைத் தேடிப் பார்த்தேன் ஐயா. அந்தக் கடைசி வலது ஒரு சாண்கூடப் போகவில்லை. வால்காட் உடனே விழவும் இல்லை, இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள அப்படியே சரிந்து முட்டிபோட்டார், துணி நழுவுகிற மாதிரி. மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆனாலும் சொல்கிறேன், உசிக் அப்படிக் கயிற்றில் முதுகு வைத்து நிற்கவே மாட்டார்.

பழைய ரீல்:

வால்காட்டும் அதுவரை நிற்கவில்லை தம்பி.